தவணைத் தையல் மிஷினில் தொடங்கிய ஐடா அம்மையார்

அவரவர் தொழிலில் முன்னோடியாக விளங்கிய ஒருவரைப் பற்றி எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பழைய மாணவர்களைக் கேட்டிருந்தார்கள். டாக்டர்கள், வக்கீல்கள், பேராசிரியர்கள் எல்லாம் நம் சங்கத்தில் நிறையவே உண்டு. அவர்கள் ராமானுஜத்தைப் பற்றியும் சர்.சி.வி.ராமனைப் பற்றியும் எழுதுவார்கள். நானோ சேவூரில் ஒரு ஷெட்டில் மிஷின்களைப் போட்டு, பெண்களுக்கான உள்ளாடைகளை ஜாப் ஒர்க்காகத் தைத்துக் கொடுக்கிறவள். என் தொழிலுக்கு முன்னோடி என்றால் அது ஐடா ரோசென்தால் என்ற அம்மையார்தான். அவர் காலமாகி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் அவர் வைத்த பெயர் இன்றும் அமெரிக்கக் கடைகளில் தொங்குகிறது.

கல்லூரி மலரில் இது என்ன சமாச்சாரம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். நம் பழைய இலக்கியங்களில் கச்சு என்ற சொல் தாராளமாக வருகிறது. அதைத் தமிழாசிரியர்கள் வகுப்பில் சொல்லும்போது நாம் தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்டோம். எங்கள் அம்மா காலத்தில் பாடி என்பார்கள். கடையில் ஆண் பிள்ளைதான் நிற்பார். சைஸைக்கூட வாய்விட்டுச் சொல்லாமல் கைச்சாடையில் காட்டி, நாளிதழ்த் தாளில் சுற்றி வாங்கி வர வேண்டும். கொடியில் காயப்போட்டால் அதன்மேல் ஒரு துண்டையோ பாவாடையையோ போட்டு மறைக்க வேண்டும். உலகத்தில் பாதிப்பேர் உடுத்துகிற ஒரு துணிக்கு இத்தனை ஒளிவுமறைவு! அந்த ஒளிவுமறைவிலிருந்து அதை எடுத்து, அளவெடுத்துப் பெயர் போட்டு விற்கிற சரக்காக்கியவர்களில் ஐடாதான் முதல் வரிசை.

இந்தத் துறையில் பெண் முதலாளி என்றால் லண்டனில் படிக்கிற நம் பிள்ளைகள் ஜாக்குலின் கோல்டின் பெயரைத்தான் சொல்வார்கள். அந்தக் கதையும் கேட்கத் தக்கதுதான். அவருடைய தந்தை டேவிட் கோல்டு, லண்டனில் வெஸ்ட் ஹாம் கால்பந்து மைதானத்துக்கு எதிரே வறுமையில் வளர்ந்தவர். முதலில் பர்மிங்காம் சிட்டி கிளப்பிலும், பிறகு 2010இல் தான் சிறுவயதில் பார்த்து ஏங்கிய அதே வெஸ்ட் ஹாமிலும் பங்குதாரர் ஆனவர். அவரும் அவருடைய தம்பியும் 1972இல் வாங்கிய ஆன் சம்மர்ஸ் கடையில் ஜாக்குலின் 1979இல் சாதாரண வேலைக்குச் சேர்ந்தார். பெண்களுக்கு அந்தக் கடை வாசலை மிதிக்கவே கூச்சம் என்று கண்டுகொண்டு, சரக்கைப் பெண்களின் வீடுகளுக்கே கொண்டுபோய், ஆண்களை உள்ளே விடாமல் விற்கும் முறையைக் கொண்டுவந்தார். 1987இல் தலைமை நிர்வாகி ஆகி, அதைப் பெரிய சில்லறை வியாபாரமாக வளர்த்தார். 2023 ஜனவரியில் தந்தையும் மார்ச்சில் மகளும் காலமானார்கள். கால்பந்து ரசிகர்களான நம் சங்கத்து அண்ணன்மார்கள் இதை வைத்து ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். ஆனால் ஜாக்குலினுக்கு அப்பாவின் கடை இருந்தது. ஐடாவுக்கு இருந்தது ஒரு தையல் மிஷின், அதுவும் தவணைக்கு வாங்கியது. அதனால்தான் நான் ஐடாவை எடுத்துக்கொண்டேன்.

இன்றைய பெலாரஸ் நாட்டில் மின்ஸ்க் நகருக்குப் பக்கத்தில் ராக்கோவ் என்றொரு சிற்றூர். அப்போது அது ரஷ்யப் பேரரசைச் சேர்ந்தது. அங்கே ஒரு யூதக் குடும்பத்தில் 1886 ஜனவரியில் ஐடா பிறந்தார். அப்பா ஹீப்ரு வேதநூல்களைப் படிப்பதிலேயே காலம் கழித்த பண்டிதர். அம்மாதான் சிறிய மளிகைக்கடை நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார். கடைக்கணக்கும் கல்லாவும் பெண்பிள்ளை கையில் இருக்கலாம் என்பது ஐடாவுக்குப் பிறந்த வீட்டிலேயே பழகிப்போன விஷயம். சிறுவயதிலேயே ஒரு தையற்காரியிடம் தொழில் பழகினார். பதினாறு பதினேழு வயதில் வார்சா நகருக்குப் போய், பகலில் தைத்துக்கொண்டே ரஷ்ய மொழியும் கணக்கும் படித்தார். ஊர் திரும்பியதும் ஜார் ஆட்சிக்கு எதிரான சோஷலிஸ்ட் கூட்டங்களில் சேர்ந்தார். அங்கேதான் வில்லியம் ரோசென்தாலும் அவரும் நெருங்கியது.

அது ரஷ்ய-ஜப்பானியப் போர்க் காலம். பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போகாமல் தப்ப வில்லியம் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். ஐடாவும் 1905இல் பின்னாலேயே போய்ச் சேர்ந்தார். குடும்பப் பெயரான ககனோவிச் அங்கே கோஹன் ஆயிற்று. மறு வருஷம் இருவருக்கும் திருமணம்.

இந்த இடத்தில் ஐடா எடுத்த முடிவுதான் அவருடைய வாழ்க்கைக்கே அச்சாணி என்பேன். அந்தக் காலத்தில் நியூயார்க் வந்திறங்கிய யூதப் பெண்களும் இத்தாலியப் பெண்களும் நேராகத் தையல் ஃபாக்டரிக்குத்தான் போனார்கள். தொழில் தெரிந்த கை என்றால் உடனே வேலை. ஐடா போகவில்லை. இன்னொருத்தர் மிஷினில் உட்கார்ந்து இன்னொருத்தர் மணியடித்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று பிடிவாதம். ஆற்றுக்கு அக்கரையில், நியூ ஜெர்சியின் ஹோபோக்கனில் தவணைக்கு ஒரு சிங்கர் மிஷின் வாங்கிப் போட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு உடை தைக்க ஆரம்பித்தார். ஃபாக்டரிகளின் நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் ட்ரையாங்கிள் என்ற தையல் ஃபாக்டரியில் தீப்பிடித்து 146 பேர் மாண்டார்கள். கதவு பூட்டியிருந்ததால் வெளியே வர முடியாமல் எத்தனையோ பேர் ஜன்னல் வழியாகக் குதித்துச் செத்தார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோர் வந்தேறிக் குடும்பத்து இளம்பெண்கள், அதாவது ஐடாவைப் போன்றவர்கள்.

நம்ம திருப்பூர் வட்டாரத்தில் ஒற்றை ஊசி மிஷினுக்கே சிங்கர் என்றுதான் பெயர். சிங்கர் டெய்லர் என்று தனியாக ஆளே தேடுவார்கள். அந்தக் கம்பெனி அந்தக் காலத்தில் மிஷினை விற்றதைவிடத் தவணையை விற்றது என்றே சொல்லலாம். கையில் காசில்லாதவளும் மாசாமாசம் கட்டி முதலாளி ஆகலாம் என்ற வழி அதில் இருந்தது. நம்ம பக்கம் பவர்டேபிளில் இருந்து எழுந்து முதலாளி ஆன ஆண்பிள்ளைகள் கதையை நாள்பூராச் சொல்லலாம். தெருவுக்கு ஒருத்தர் இருப்பார். மிஷினில் உட்கார்ந்து கண்ணெரியத் தைக்கிற பெண்களில் அப்படி எழுந்தவர்களை எண்ண ஒரு கை விரல்களே எனக்குப் போதுமாக இருக்கிறது. ஏனுங்க, தொழில் தெரியாமலா? தவணைச் சீட்டில் கையெழுத்துப் போடப் பெண்ணிடம் பேனா வந்து சேர்வதில்லை.

ஐடாவின் கடை ஹோபோக்கனில் மெல்ல வளர்ந்தது. 1907இல் மகன் லூயிஸ், 1916இல் மகள் பியாட்ரிஸ். வில்லியமும் மனைவியின் தையல் தொழிலிலேயே கூட நின்றார். முதல் உலகப்போர் முடிகிற 1918இல் நியூயார்க் மன்ஹாட்டனுக்குக் குடிபெயர்ந்து கடை போட்டார்கள். 1921இல் ஈனிட் பிஸ்ஸெட் என்ற பெண்மணி, 57ஆம் தெருவில் தான் நடத்திய ஈனிட் ஃப்ராக்ஸ் என்ற உயர்தர உடைக்கடையில் கூட்டாளியாகச் சேர அழைத்தார். ஐடா தன் சேமிப்பான 4,000 டாலரைப் போட்டுச் சேர்ந்தார். ஊசிமுனையில் சேர்த்த பணம். தோற்றிருந்தால் மறுபடி ஹோபோக்கன்தான்.

இனி வருவது எங்கள் தொழிலின் புராணம் மாதிரி. அதற்கு முன் உள்ள நிலவரத்தைச் சொல்லிவிட வேண்டும். அதுவரை மேல்நாட்டுப் பெண்கள் திமிங்கில வாயிலிருந்து எடுத்த பட்டைகளும் எஃகுப் பட்டைகளும் வைத்த இறுக்கமான கார்செட்டில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார்கள். 1914இல் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் என்ற நியூயார்க் பெண் பிராவுக்கு ஒரு காப்புரிமை வாங்கி, அதை 1,500 டாலருக்கு வார்னர் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார். ஆகவே ஐடா கண்டுபிடிப்பாளர் இல்லை. அந்தப் பெருமையை அவருக்குச் சூட்ட வேண்டியதும் இல்லை. 1920களில் ஃபேஷன் தலைகீழானது. ஆண்பிள்ளை மாதிரி தட்டையான உடம்புதான் அழகு என்றாகி, பெண்கள் ஒரு துணிப்பட்டையை முன்னால் வைத்து முதுகில் கொக்கி போட்டு அமுக்கிக் கட்டிக்கொண்டார்கள். அந்தப் பட்டைக்குப் பாய்ஷ் ஃபார்ம், அதாவது பையன் உருவம் என்றே பெயர்.

ஈனிட் ஃப்ராக்ஸில் விலையுயர்ந்த உடைகள் தைத்தார்கள். ஆனால் அமுக்கிக் கட்டிய உடம்பில் உடை சரியாக உட்காரவில்லை. தைக்கிறவளுக்குத்தான் தெரியும், உட்காராத உடை எத்தனை உறுத்தும் என்று. ஈனிட் அந்தப் பட்டையை நடுவில் வெட்டி, இரண்டு கிண்ணங்களாகச் சுருக்கி, இடையில் எலாஸ்டிக் வைத்தார். வில்லியம் அதை மேலும் திருத்தினார். அவர் பொழுதுபோக்காகச் சிற்பம் செய்கிறவர். உடம்பின் வடிவம் கண்ணளவிலேயே தெரியும். இதை உடைக்குள்ளேயே வைத்துத் தைத்துக் கொடுத்தார்கள். தனி விலை கிடையாது. உடை நன்றாக நிற்பதற்காக இலவசமாக வைத்த ஒட்டு, அவ்வளவுதான்.

வாங்கிப்போன பெண்கள் திரும்பி வந்தார்கள். உடை வேண்டாம், உள்ளே வைத்தது மட்டும் வேண்டும் என்று! தனியாகத் தைத்து ஒரு டாலருக்கு விற்றார்கள். பையன் உருவத்துக்குப் பதிலடியாகக் கன்னி உருவம் என்று பொருள்படும் மெய்டன் ஃபார்ம் என்ற பெயரை வைத்துக் கம்பெனி தொடங்கினார்கள். சில வருஷங்களில் உடை தைப்பதையே விட்டுவிட்டு, நியூ ஜெர்சியில் பேயோன் என்ற ஊரில் ஃபாக்டரி போட்டார்கள். 1928இல் விற்றது 5 லட்சம் பீஸ். உடல்நலக் குறைவால் ஈனிட் ஒதுங்கிக்கொண்டார்.

இலவசமாகப் போனதை விலைக்கு விற்கத் தோன்றியது யாருக்கும் தோன்றக்கூடியதுதான். ஆனால் நல்ல லாபம் தந்துகொண்டிருந்த உடைக்கடையை மூடத் துணிவு வேண்டும். எனக்கு ஐடாவிடம் பெரிதாகப் படுவது அதுவும், அந்தப் பெயரும். தைத்த ஒவ்வொரு பீஸிலும் அவர்கள் பெயர் இருந்தது. இங்கே நாம் பல நாட்டுக் கம்பெனிகளின் பெயரை, அவர்கள் அனுப்பும் லேபிளை எண்ணி வாங்கி, ஒன்று குறைந்தாலும் கணக்குச் சொல்லித் தைத்து அனுப்புகிறோம். பையர் நமக்குத் தருகிற விலையையும் அந்த ஊர்க் கடையில் தொங்குகிற விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நடுவில் உள்ள வித்தியாசம் முழுக்க அந்த இரண்டங்குல லேபிளில்தான் இருக்கிறது. சொந்தப் பெயரில் விற்கிற கம்பெனிகள் திருப்பூரிலும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சேவூர், அவிநாசி, புளியம்பட்டி ரோட்டில் வரிசையாக இருக்கிற என்னைப் போன்ற ஷெட்டுகளுக்கு அது எட்டாத உயரம்.

வேலையைப் பிரித்துக்கொண்டதிலும் கணவன் மனைவிக்குள் சண்டை வந்ததாகத் தெரியவில்லை. டிசைனும் உற்பத்தியும் வில்லியம். விற்பனையும் பணமும் ஐடா. ஐந்தடிக்கும் குறைவான உயரம் கொண்ட அந்த அம்மாள் ரயிலேறி ஊர் ஊராகப் போய்க் கடைக்காரர்களைப் பார்த்து ஆர்டர் பிடித்தார். கல்யாணமான பெண், இரண்டு குழந்தைக்காரி, 1920களில்! கணவர் டிசைன் மேஜையில் உட்கார, மனைவி ஊர்சுற்றி வசூல் செய்தால் நம் பக்கம் இன்றைக்கும் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்.

ஃபாக்டரியில் செக்ஷன் முறையைக் கொண்டுவந்தார்கள். முன்பு ஒரு டெய்லர் ஒரு பீஸை முழுதாகத் தைப்பாள். இனி ஒருத்தி கிண்ணம் மட்டும், ஒருத்தி பட்டை மட்டும், ஒருத்தி கொக்கி மட்டும். நிட்டிங் பனியனுக்குக் கைகள் குறைவு. ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று மூன்று மிஷினில் முடிந்துவிடும். பிராவுக்கு இருபது முப்பது துண்டுகள், எல்லாம் வளைவு. அரைக்கால் அங்குலம் நழுவினாலும் போடுகிறவளுக்குக் குத்தும். ஆகவே அளவு மாறாமல் ஆயிரக்கணக்கில் தைக்க செக்ஷன் முறைதான் வழி. ஆனால் அதனால் போனதும் உண்டு. என் ஷெட்டில் மூன்று வருஷமாகத் தோள்பட்டை மட்டும் தைத்த பெண்ணுக்குத் தன் ரவிக்கையைத் தானே தைக்கத் தெரியவில்லை. ஹோபோக்கன் ஐடாவுக்கு முழு உடையும் தைக்கத் தெரிந்ததால்தான் அவர் முதலாளி ஆக முடிந்தது. பேயோன் ஃபாக்டரியில் கொக்கி மட்டும் தைத்த பெண் இன்னொரு ஐடா ஆவது எப்படி? இளவயதில் சோஷலிஸ்டாக இருந்தவரின் ஃபாக்டரி இது என்பதை நான் பலமுறை யோசித்ததுண்டு.

1930இல் மகன் லூயிஸ் இறந்துபோனான். இருபத்துமூன்று வயது. அமெரிக்கா முழுக்கப் பொருளாதார மந்தம் கவிந்த நேரம் வேறு. கம்பெனி நிற்கவில்லை. ஐடாவும் நிற்கவில்லை. பின்னாளில் மகனின் பெயரால் நியூ ஜெர்சியில் சாரணச் சிறுவர்களுக்கு முகாம் ஒன்று அமைத்துக் கொடுத்தார்கள். ஏன் அதைச் செய்தார்கள் என்று பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப்போர் வந்தபோது துணிக்கும் ரப்பருக்கும் ரேஷன் வந்துவிட்டது. ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிற பெண்கள் பிரா அணிந்தால் களைப்பு குறையும், உற்பத்தி கூடும் என்று வாதாடி, தன் சரக்குக்கும் மூலப்பொருள் ஒதுக்கீடு வாங்கிவிட்டார் ஐடா. இன்னொன்றும் தைத்தார்கள், கேட்டால் சிரிப்பு வரும். புறாக்களுக்குச் சட்டை! பாராசூட்டில் குதிக்கிற சிப்பாய்கள் செய்தி அனுப்பத் தூதுப் புறாவைக் கொண்டுபோக வேண்டும். குதிக்கும்போது புறா அடிபடாமல் சிப்பாயின் மார்போடு சேர்த்துக் கட்டிவைக்க ஒரு உறை தேவைப்பட்டது. மென்மையாகவும் இருக்க வேண்டும், இறுக்கியும் பிடிக்க வேண்டும். அதில் மெய்டன்ஃபார்மைவிடக் கைதேர்ந்தவர்கள் யார்?

1949இல் தொடங்கிய விளம்பரம்தான் அவர்களை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. மேலே பிரா மட்டும் அணிந்த ஒரு பெண், கனவில் கடைக்குப் போகிறாள், இன்னொரு படத்தில் தீயணைப்பு வண்டியில் போகிறாள், இப்படியே இருபது வருஷம் விதவிதமான கனவுகள். ஒளித்து வைக்கிற துணியைத் தெருவுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். அன்றைக்கே பலர் ஆபாசம் என்றார்கள். எனக்கும் அந்தப் படங்களில் முழு உடன்பாடு இல்லை. சாதாரணப் பெண்ணின் சௌகரியத்துக்காகத் தைத்ததைப் பார்க்கிறவர்களின் கண்ணுக்காக விற்றது போலத்தான் சிலவற்றில் தோன்றுகிறது. ஆனாலும் அந்தக் கனவுகளில் அவள் யாருக்கும் பக்கத்தில் நிற்கவில்லை, தான் போக நினைத்த இடத்துக்குத் தானே போனாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1958இல் வில்லியம் காலமானார். எழுபது வயதைத் தாண்டிய ஐடா கம்பெனித் தலைமையை ஏற்றார். 1963இல் அமெரிக்கத் தொழில்துறைக் குழு ஒன்றோடு சோவியத் யூனியனுக்குப் போய்வந்தார். அறுபது ஆண்டுகளுக்கு முன் ஜாருக்கு எதிராகக் கூட்டம் போட்டுவிட்டுக் கப்பலேறிய பெண், அமெரிக்க முதலாளியாக அதே நாட்டில் போய் இறங்கினார். 1966இல் பக்கவாதம் தாக்கிப் படுத்தார். 1973 மார்ச்சில், 87ஆம் வயதில் நியூயார்க்கில் இறந்தார். அதற்குள் நிர்வாகம் மருமகன் ஜோசப் கோல்மனிடம் போய், அவரும் 1968இல் இறந்துவிட, மகள் பியாட்ரிஸ் தலைவியானார். தாய்க்குப் பின் மகள்! 1990இல் தாம் இறக்கும்வரை பியாட்ரிஸ் அந்தக் கம்பெனியை விடவில்லை. அதற்குப் பின் கடன் ஏறி 1997இல் திவால் மனு, குடும்பத்தின் கையை விட்டுப் போனது, 2013இல் ஹேன்ஸ்பிராண்ட்ஸ் கம்பெனி வாங்கியது.

பழைய கணக்கேடுகள், டிசைன்கள், விளம்பரங்கள் எல்லாம் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியக ஆவணக்காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிற நம் சங்கத்து அக்காமார்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போனால் பார்க்கலாம். யாராவது போனால், அந்தப் புறாச் சட்டையின் வெட்டு எப்படி என்று மட்டும் எனக்கு வரைந்து கொண்டுவாருங்கள்.